கம்பியைக் கேட்பது

காற்று நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னது பொய்யில்லை. கல்லுடைத்த பாறைக்குழிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மின்சாரக் காத்தாடிகள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, உடுமலைப்பேட்டைப் பக்கம் ஆடி மாதத்தில் காற்று நிற்கட்டும் என்று ஒருவன் காத்திருந்தால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம், எனக்கும் வேறு வேலை இல்லைதான், ரிட்டையர் ஆனவன், ஆனால் நான் காத்திருப்பது காற்றுக்காக இல்லை. கையில் ஒரு கேப்பு இருக்கிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய செம்புக் குப்பி, அடி பட்டால் பொறி விட்டு வெடிமருந்தைப் பற்றவைப்பது. துப்பாக்கியின் பின்பக்கக் காம்பில் இதை மாட்ட வேண்டியது, குறி பார்க்க வேண்டியது, விசையைத் தொட வேண்டியது, அவ்வளவுதான் என் வேலை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டுவது, ஈயக் குண்டை இறக்குவது, பித்தளைக் கம்பியால் கெட்டிப்பது எல்லாம் சென்னியப்பன் வேலை. என் மச்சான். என் மனைவி சாந்தாமணிக்கு உடன்பிறந்த அண்ணன், அதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன். இந்தத் துப்பாக்கி வந்த நாளிலிருந்து அவன் கெட்டிப்பான், நான் சுடுவேன். இப்போதும் கெட்டித்துவிட்டான். ஆனால் ஒரு அளவு மருந்து போட்டானா, இரண்டு அளவு போட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்வது சுலபம். கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தால் ஆயிற்று, அதில் ஒரு கீறல் இருக்கிறது, ஒரு அளவு மருந்தும் ஒரு குண்டும் உள்ளே இருந்தால் கீறல் குழலின் வாயோடு சரியாக நிற்கும், கூடுதலாக இருந்தால் மேலே நிற்கும். சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். கம்பி அவன் பக்கம் இருக்கிறது. கேட்க வேண்டியதுதான். கேட்க வாய் வரவில்லை.

எப்படி நடந்தது என்று மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்க்கிறேன். நான் இந்த இரும்பு மேசை முன்னால் உட்கார்ந்து தூரக்கண்ணாடியில் எதிர்ப்பக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முந்தின குண்டு எங்கே துளைத்திருக்கிறது என்று. எனக்குப் பின்னால் அவன் துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, மருந்தைப் பித்தளை அளவில் பிடித்து உள்ளே கொட்டினான். மருந்து குழலுக்குள் இறங்குகிற சத்தம் எனக்குத் தெரியும், முறத்தில் கடுகு சரிகிற மாதிரி இருக்கும். அது கேட்டது. அதுவரை சரி. அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள், ஆடு மேய்க்கிறவள், தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். "ஏனுங், காத்தாடி வெக்கறக்கு அளக்க வந்தீங்ளா?" என்றாள். இந்த மேசையையும் தூரக்கண்ணாடியையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "இல்லீங் ஆத்தா, நாங்க பொழுதுபோகாம வந்திருக்கறமுங்" என்றான் சென்னியப்பன். அவள் விடவில்லை. ஏற்கெனவே நிற்கிற காத்தாடியின் நிழல் சாயங்காலம் அவள் பட்டிக்குள் சுற்றிச் சுற்றி வருகிறதாம், ஆடுகள் மிரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றனவாம், இன்னும் ஒன்று வைத்தால் பட்டியைத் தூக்கித் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். "சொல்றமுங் ஆத்தா, கண்டிப்பாச் சொல்றமுங்" என்றான் இவன், யாரிடம் சொல்லப்போகிறானோ. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போய்விட்டாள், ஆடுகளும் போயின, அப்புறம் அவன் துப்பாக்கிக்குத் திரும்பினான். அதற்கு அப்புறம்தான் எனக்குக் குழப்பம். மறுபடியும் கடுகு சரிந்தது. சரிந்ததா? இல்லை அது ஆடுகளின் காலில் சரளைக்கல் சரிந்த சத்தமா? பாறைக்குழியின் விளிம்பில் சரளை அதே மாதிரிதான் சரியும், அதே சலசலப்பு, அதே நீளம். நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். திரும்பவில்லை, தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தேன், கண்ணை எடுத்தால் மறுபடியும் அந்தத் துளையைத் தேட வேண்டும் என்கிற சோம்பல். முழங்கால் வலி வேறு. அந்தச் சோம்பலுக்குத்தான் இப்போது உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் குண்டை இறக்கினான், கெட்டித்தான், துப்பாக்கியைத் தூக்கி மேசை மேல் மணல் பைகளில் படுக்க வைத்தான், போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. கை நடுங்கவில்லை. அவன் கை எப்போதும் நடுங்கியதில்லை, லேத் பிடித்த கை.

இந்தத் துப்பாக்கியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், இது எதைக் கொன்றது என்று. காகிதத்தை. வேறு எதையும் கொன்றிருக்க முடியாது, ஒரு காலி கேஸ் சிலிண்டர் கனம் இருக்கிறது, இதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனால் சிறுத்தை வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் இளைப்பாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும். மேசையில் வைத்து, தூரத்தில் இருக்கிற ஒரு காகிதத்தின் நடுப்புள்ளியைத் துளைப்பதற்கென்றே செய்தது. எந்தத் துரை எந்தக் கப்பலில் கொண்டுவந்தானோ தெரியாது. வால்பாறைக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம், அவனுக்குக் கடிகாரப் பைத்தியம், எனக்கு அவனோடு போகிற பைத்தியம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் கடிகாரம், கட்டில், பீங்கான் எல்லாம் போய்விட்டன. வந்ததற்குக் காலாற நடந்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கம் போனோம், அங்கே மாட்டுக் கொட்டகை. கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக ஒரு இரும்புத் தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள், சாணி காய்ந்து காய்ந்து மரக்கிளை மாதிரி இருந்தது. இவன் அதைத் தூக்கிக் கதவைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். "மாப்ள, இது எட்டுப்பட்டை" என்றான். "கடப்பாரையும் எட்டுப்பட்டைதான் மச்சா." "கடப்பாரைக்கு நடுவுல ஓட்டை இருக்குமா?" என்று முனையை என் பக்கம் திருப்பினான். ஓட்டையில் குளவி கூடு கட்டியிருந்தது. அப்புறம் அந்தப் பொழுது முழுக்கத் தேடினோம். துப்பாக்கியின் மரக்கட்டையை மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கேப்பை அடிக்கிற குதிரையும் விசையும் சேர்ந்த பூட்டு, பங்களா அலமாரியில் ஆணிகளோடு கிடந்தது. குழலின் வாயில் மாட்டிக் கழற்றுகிற ஒரு துண்டும் அதிலேயே கிடைத்தது, அதுதான் பெரிய அதிர்ஷ்டம், அது இல்லையென்றால் இந்த மாதிரித் துப்பாக்கி வெறும் இரும்புதான். குண்டை இறக்கும்போது வாயின் ஓரம் தேயக்கூடாது என்பதற்காக அந்தத் துண்டை மாட்டிக்கொண்டு அதன் வழியாக இறக்குவார்கள், அப்புறம் கழற்றிவிட்டுச் சுடுவார்கள். பொய்வாய் என்று நாங்களே பெயர் வைத்தோம். லைசென்ஸுக்கு அலைந்ததைச் சொன்னால் இன்னொரு நாள் வேண்டும், துருவை எடுக்க ஆனதைவிட அதற்கு ஆனது அதிகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியதைப் பார்த்து ஏட்டு சிரித்தார், "இதத் தூக்கி நீங்க குறி பாக்கறதுக்குள்ள அவன் ஓட்டே போட்டுட்டு வந்துருவானுங்க" என்றார். சென்னியப்பன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. இப்போது அவன் சிரித்து நாளாயிற்று, அல்லது நான் கவனிக்கவில்லை.

காத்தாடி சுற்றுகிறது. நல்லது, சுற்று. கேப்பு விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேர்வை உள்ளே போனால் வெடிக்காது, வெடிக்காமல் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும், கேப்பு சரியில்லை மச்சா என்று சொல்லி எழுந்துவிடலாம். ஆனால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டுமே. எடுப்பதும் அவன் வேலைதான். துப்பாக்கியைத் தன் பட்டறைக்குக் கொண்டுவந்த முதல் நாளே அவன் செய்த முதல் காரியம், சாணியைச் சுரண்டுவதற்கு முன்னால், ஒரு வெல்டிங் கம்பியைக் குழலுக்குள் விட்டதுதான். முட்டிய இடத்தில் சாக்பீஸால் குறி வைத்து, வெளியே எடுத்து, குழலின் மேல் நீட்டி வைத்துப் பார்த்தான். கம்பி அடிவரை போகவில்லை, நாலு விரல் குறைந்தது. "உள்ள இருக்குது மாப்ள" என்றான். "என்ன இருக்குது?" "எவனோ கெட்டிச்சது." அத்தனை வருஷம் அந்தக் கதவுக்குக் குறுக்கே, மாடுகள் உரசிக்கொண்டு போக, எவனோ ஒரு துரை கெட்டித்துவிட்டுச் சுடாமல் போன மருந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தது. சென்னியப்பன் அந்தத் துரையைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "கெட்டிச்சவன் கெட்டிச்சத மறப்பானா? மறந்தா அவனெல்லாம் என்ன ஆளு?" கேப்பு வைக்கிற துளை வழியாகத் தண்ணீரும் எண்ணெயுமாக நாள் கணக்கில் விட்டு மருந்தை ஊற வைத்தான். ஒரு கம்பி முனையில் திருகைப் பற்றவைத்து, அந்த ஈயக் குண்டில் இறுக்கி இழுத்தான், நான் குழலின் மேல் மாட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். பளக் என்று வந்தது. பின்னாலேயே அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்புக் கூழ். அப்புறம் ஒரு சின்ன பல்பை வயரில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். மருந்து கிடந்த இடத்தில் இரும்பைத் தின்றிருந்தது. "நெல்லு கெடக்கற மாதிரி ஒரு குழி" என்றான். அந்தத் தீபாவளி முழுக்க, ஈயத்தை உருக்கி ஒரு அடைப்பு வார்த்து, வால்வுக்குத் தேய்க்கிற பசையைத் தடவி, அவன் ஒரு முனை நான் ஒரு முனை என்று ரம்பம் அறுக்கிற மாதிரி இழுத்து இழுத்துக் குழலைத் தேய்த்தோம். உள்ளே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, குண்டைச் சுழற்றுகிற வரிகள் எல்லாம் வளைந்து வளைந்து ஏறுவது தெரிந்தது, ஆனால் அந்த நெல் மட்டும் போகவில்லை. அவ்வளவு ஆழம் தேய்த்தால் குழலே மிஞ்சாது. "ஒரு அளவு தாங்கும் மாப்ள" என்றான் கையைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு போட்டா என்னையக் கேக்காத." அதைச் சொன்னதும் அவன்தான், லேத்தில் கொடுத்து இந்தக் கெட்டிக்கிற கம்பியில் கீறல் போட்டதும் அவன்தான். அந்த நெல் இருக்கிற இடம் இப்போது என் முகத்துக்கு நேராக இருக்கிறது, வலது கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

அப்படியானால் கேட்டுவிட வேண்டியதுதானே. கேட்டவன் ஒருவன் இருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஒரு மனுஷன், நான்தான் கூட்டி வந்தேன், ஒரு குண்டு சுட்டுப் பார்க்கட்டும் என்று. சென்னியப்பன் கெட்டித்து முடித்து, வழக்கம்போல "ஆச்சு" என்றான். அதுதான் எங்கள் முறை, அவன் ஆச்சு என்று சொல்வான், நான் கேப்பை மாட்டுவேன், நடுவில் ஒரு பேச்சும் கிடையாது. அந்த மனுஷன் பாவம், எங்கேயோ படித்திருப்பார், "எதுக்கும் கம்பி உட்டுப் பாத்தர்லாமுங்ளா" என்று கேட்டுவிட்டார். இவன் துப்பாக்கியை எடுத்தான், திருகுக் கம்பியை விட்டுக் குண்டை இழுத்தான், மருந்தைக் கீழே கொட்டினான், எல்லாவற்றையும் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எங்களுக்குப் பஸ்தான். அப்புறம் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, தங்கச்சி வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. அடுத்தவன் கெட்டித்த துப்பாக்கி எதைப் பார்த்தாலும் முதலில் கம்பியை விடச் சொல்கிறவன் அவன். அவன் கெட்டித்ததில் கம்பி விடுவது என்றால், நீ கெட்டித்தது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அர்த்தம், வேறு அர்த்தமே கிடையாது. அப்போது அது அவனுடைய திமிர். திமிராக இருந்தவரை எனக்கும் பிடித்திருந்தது. இப்போது அப்படி இல்லை. இப்போது நான் கம்பியைக் கேட்டால், அது எனக்கும் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் நான் இத்தனை மாசமாகத் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன். நடித்து நடித்து அலுத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும், கால்வலியைவிட அதுதான் அலுப்பு.

முதலில் திருகாணி. பூட்டில் ஒரு திருகாணி மரை போய்விட்டது என்று புதிதாகக் கடைந்து கொண்டுவந்து கொடுத்தான், அழகாக இருந்தது, தலையில் பழைய மாதிரியே வெட்டு. அடுத்த வாரம் வந்து, "மாப்ள, அந்தத் திருகாணியக் கடைஞ்சுட்டேன்" என்று இன்னொன்றைக் கொடுத்தான். சரி, உதிரிக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். அப்புறமும் ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் ஒன்றுபோல, இம்மி வித்தியாசம் கிடையாது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கை மறக்கவில்லை, வேறு எதுவோ மறந்துகொண்டிருக்கிறது. வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டேன், நல்லா இருக்குது மச்சா என்றேன். அப்புறம் அவன் மகன் லேத் இருக்கிற ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். தூசி அடைகிறது என்று சொன்னானாம். இவன் அதை என்னிடம் சொல்லும்போது, "தூசிதான் மாப்ள, நெசந்தான், பக்கத்துல ரோடு போடறாங்கல்ல" என்று மகனுக்காகப் பேசினான். அப்புறம் இந்தக் குப்பிகள். எப்போதும் வீட்டிலேயே மருந்தை நிறுத்து ஹோமியோபதிக் குப்பிகளில் அடைத்து எடுத்து வருவான், ஒரு குண்டுக்கு ஒரு குப்பி, காலியான குப்பிகளைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு மருந்தைச் சீசாவோடு கொண்டுவந்திருக்கிறான். "அங்கயே அளந்துக்கலாம், வீட்டுல நேரமில்ல" என்றான். நேரமில்லையாம், லேத்தும் இல்லாத வீட்டில். நிறைத்த குப்பி எது நிறைக்காத குப்பி எது என்று உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சீசாவை எடுத்துக்கொண்டு வந்திருப்பான் என்று இப்போதுதான் புத்தியில் உறைக்கிறது. இன்று காலையில் பொய்வாயைக் கழற்றாமலேயே துப்பாக்கியை என்னிடம் கொடுத்தான். நான் ஒன்றும் சொல்லாமல் கழற்றி அவன் பக்கமாக வைத்தேன். அதில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கழற்றாமல் குறி பார்க்கவே முடியாது, கண்ணை மறைக்கும். செய்தவன் யாரோ, மனுஷன் மறப்பான் என்று தெரிந்தே அந்த முள்ளை வைத்திருக்கிறான். இரண்டாவது தடவை மருந்தைக் கொட்டும்போது தடுக்கிற முள் ஒன்றை வைக்க அவனுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போனால் சாந்தாமணி கேட்பாள், அண்ணன் எப்பிடி இருக்குது என்று. நல்லா இருக்குது என்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். லேத் போயிற்று, வண்டி ஓட்டுவதும் போகப்போகிறது, மிச்சம் இருப்பது இந்தக் குழலுக்குள் மருந்தைக் கொட்டி ஆச்சு என்று சொல்கிற ஒரு வேலை. அதை என் வாயால் பிடுங்க வேண்டுமா. வேறு யாராவது பிடுங்கக்கூடாதா.

சுட்டுவிட்டால் என்ன. இவ்வளவு கனமான இரும்பு, இரண்டு அளவைத் தாங்கினாலும் தாங்கும், அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவோ திணித்துச் சுட்டிருக்கிறார்கள். தாங்காவிட்டால் அந்த நெல்லின் வழியாகக் கிழியும், கிழிந்தால் என் பக்கம்தான். சரி, அறுபத்தைந்தைத் தாண்டியாயிற்று, எல்லாம் பார்த்தாயிற்று என்று ஒரு நினைப்பு வருகிறது, வந்த உடனே வெட்கமாக இருக்கிறது, இதை யாராவது வீரம் என்று நினைத்துவிடப் போகிறார்கள், இது வெறும் அலுப்பு, ஒரு வார்த்தை பேசுவதைவிடச் செத்துப்போவது லேசு என்று நினைக்கிற அலுப்பு. அப்புறம் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள், நான் கெட்டித்ததுதான் மாப்பிள்ளையைக் கொன்றது என்று நினைத்து நினைத்து, நல்லவேளை அதையும் மறந்துவிடுவான், ஐயோ என்ன நினைப்பு இது. மருந்தே போடாமலும் இருந்திருக்கலாம். முதலில் கேட்டதும் சரளைச் சத்தமாக இருந்தால்? இல்லை, முதலில் கேட்டது மருந்துதான், அப்போது ஆடுகள் வரவில்லை. வந்திருந்தனவா? பஞ்சு மில்லில் தரம் பார்க்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான், ஒரு பிடி பஞ்சை விரலால் பிரித்து இது எந்த ஊர்ப் பருத்தி என்று சொன்னவன், ஒரு சத்தத்தைப் பிரிக்கத் தெரியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லலாம். கண் மங்குகிறது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் சரி மாப்ள என்று குண்டை இழுக்க உட்காருவான், இழுக்கும்போது மருந்து எவ்வளவு வருகிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும், நான் ஏன் வயிற்றுவலி என்றேன் என்பதும் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் அவன் முகத்தில்தான் போய் முட்டுகிறது. அவன் ஆச்சு என்று சொன்னானா? இதை ஏன் இவ்வளவு நேரம் நினைக்கவில்லை. துப்பாக்கியைப் படுக்க வைத்தான், போய் உட்கார்ந்தான். ஆச்சு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன், அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு வேறு காதே இருக்கிறது. இல்லை, சொல்லவில்லை.

நடுவில் இருக்கிற காத்தாடி மெதுவாகிறது. மற்றவையும். ஆடி மாதத்தில் இது நடக்காது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன், நடக்கிறது, ஒவ்வொரு இறக்கையும் யோசித்து யோசித்துத் திரும்புகிறது, நிற்கிறது. பலகைக்குப் பக்கத்தில் கட்டின துணியும் தொங்கிவிட்டது. "காத்து நின்னுருச்சு மாப்ள" என்கிறான் பின்னால். ம் என்கிறேன். நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கிறது. சுடும்போது அவன் எப்போதும் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளித்தான் நிற்பான், இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, அது அவனே போட்ட விதி. இப்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் வலது பக்கத்தில் போட்டு உட்காருகிறான், பின்பக்கக் காம்புக்கு நேராக, அவன் முழங்கால் என் முழங்காலில் இடிக்கிறது. காதில் பஞ்சும் இல்லை. இது வேறு, எங்கே நிற்க வேண்டும் என்பதும் மறந்துபோயிற்று. எனக்குக் கோபம்கூட வரவில்லை. கேப்பைக் காம்பின் அருகே கொண்டுபோகிறேன். கொண்டுபோன கை அங்கேயே நிற்கிறது. அவன் கையைத்தான் பார்க்கிறான், காத்தாடியையோ பலகையையோ பார்க்கவில்லை.

"மச்சா" என்கிறேன். "அந்தக் கம்பியக் குடு."

வண்டியில் ஏற்றிக்கொண்டு போகட்டும், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். வீட்டுப் பக்கம் வராமல் இருக்கட்டும். அவன் எழுந்திருக்கிறான். கம்பி அவன் கையிலேயே இருக்கிறது, எவ்வளவு நேரமாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியவில்லை, உள்ளங்கை வேர்வை பித்தளையில் பூத்திருக்கிறது. என்னிடம் கொடுக்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய் அவனே குழலுக்குள் விடுகிறான், மெதுவாக, முட்டுகிறவரை. குனிந்து பார்க்கிறான். கீறல் குழலின் வாய்க்கு வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியில் விரலை ஒவ்வொன்றாக வைத்து அளக்கிறான். "ரெண்டு" என்கிறான்.

இப்போது வருகிறது எனக்குக் கோபம், மூக்குக்கு மேல். "தெரிஞ்சுக்கிட்டேயா உக்கோந்திருந்த?"

"தெரியில மாப்ள. அந்த ஆத்தா வந்துது, ஆடு வந்துது, அதுவரைக்கும் நெனப்பு இருக்குது. அப்பறம் கொட்டுனனா, மொதல்லயே கொட்டிட்டனா, ஒண்ணும் வரல. உன்றகிட்டக் கேட்டர்லாமுன்னு நெனச்சன்." கம்பியை வெளியே இழுக்கிறான், துடைக்கிறான், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறான். "கேட்டா நீ அப்பறம் என்னையக் கெட்டிக்க உடமாட்ட."

"ஒண்ணும் சொல்லாம இருந்தா நான் பாட்டுக்குச் சுட்டிருப்பேனே. சுட்டுக் கொழலு கிழிஞ்சிருந்தா?"

அவன் நாற்காலியில் வந்து உட்காருகிறான், மறுபடியும் முழங்கால் இடிக்கிறது.

"அதுக்குத்தான் இங்க வந்து உக்கோந்தன்" என்கிறான்.